பழ அழுகல் பூஞ்சைகளில் செல்சுவர் சிதைக்கும் நொதிகளைச் சர்க்கரைகள் ஒடுக்கும் முறை: சாம்பல் அழுகல் பூஞ்சையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பழங்களை அழுகச் செய்யும் பூஞ்சைகள், தாவரச் செல்சுவரைச் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து திசுக்களுக்குள் பரவுகின்றன. வளர்தளத்தில் குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரைகள் மிகுந்திருந்தால் இந்நொதிகளுள் பலவற்றின் உற்பத்தி குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட முடிவாகும். ஆயினும், சர்க்கரை மிகுந்த கனிந்த பழங்களே விரைவில் அழுகுகின்றன. இம்முரண்பாட்டை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை ஒடுக்கத்தின் வரலாறு, மூலக்கூறு வழிமுறை, சாம்பல் அழுகல் பூஞ்சையின் பாலிகேலக்டுரோனேஸ் மரபணுக்கள் தரும் சான்று, திசுவின் பிஎச் மதிப்பில் சர்க்கரை ஏற்படுத்தும் மாற்றம் ஆகியன விளக்கப்படுகின்றன. சர்க்கரை ஒடுக்கம் என்பது பழத்துக்கு அமைந்த காப்பு அன்று. எந்த நொதியை எப்போது ஆக்குவது என்பதைப் பூஞ்சை முறைப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடே என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச் சொற்கள்: பொட்ரைட்டிஸ் சினேரியா, பெக்டின், பாலிகேலக்டுரோனேஸ், சிதைபொருள் ஒடுக்கம், கேலக்டுரோனிக் அமிலம், பிஎச்.

1. முன்னுரை

பழ அழுகல் பூஞ்சைகளின் நொதிகளைப் பற்றிய ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் அட்டவணை ஒன்றுண்டு. பெக்டின் கலந்த வளர்தளத்தில் பூஞ்சையை வளர்த்து, அதனுடன் குளுக்கோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ் போன்ற சர்க்கரைகளை வெவ்வேறு அளவுகளில் சேர்த்து, சில நாள்களுக்குப் பின் வளர்ப்பு வடிநீரில் நொதியின் செயல்திறன் அளக்கப்படும். சர்க்கரையின் அளவு கூடக்கூட நொதியின் செயல்திறன் குறைந்துகொண்டே வருவதை அவ்வட்டவணை காட்டும். இதிலிருந்து, சர்க்கரை இந்நொதிகளை ஒடுக்குகிறது என்ற முடிவு பெறப்படும். சில வேளைகளில், சர்க்கரை மிகுந்த பழம் அழுகலை எதிர்த்து நிற்கும் என்ற அடுத்த முடிவும் அதனோடு இணைக்கப்படும்.

முதல் முடிவு பெரும்பாலும் சரியானது. இரண்டாவது முடிவு நாம் நாள்தோறும் காணும் உண்மைக்கு மாறானது. 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை உள்ளது. திராட்சையில் இது சுமார் 15 கிராம். காயாக இருக்கும்போது அடங்கிக் கிடக்கும் தொற்று, பழம் கனிந்து சர்க்கரை ஏறும்போதுதான் அழுகலாக வெளிப்படுகிறது. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பிரான்சின் சொத்தேர்ன், அங்கேரியின் தொக்காய் ஆகிய பகுதிகளின் திராட்சைத் தோட்டங்களில் கிடைக்கிறது. அங்கே பொட்ரைட்டிஸ் சினேரியா என்னும் சாம்பல் அழுகல் பூஞ்சை, நன்கு பழுத்த திராட்சையின் தோலைச் சிதைத்து ஊடுருவுகிறது. பழத்தின் நீர் ஆவியாகிச் சர்க்கரை மேலும் செறிவடைகிறது. இனிப்பு மதுவுக்காக இந்நிலை வேண்டுமென்றே வரவேற்கப்படுகிறது. சர்க்கரை நொதிகளை முற்றிலும் முடக்குமாயின் இப்பூஞ்சை அப்பழத்துக்குள் நுழைந்திருக்கவே இயலாது.

ஆகவே, ஆய்வகத்தில் காணும் ஒடுக்கமும் பழத்தில் காணும் அழுகலும் ஒருசேர உண்மையாக இருப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. செல்சுவரும் அதனைச் சிதைக்கும் நொதிகளும்

அடுத்தடுத்த தாவரச் செல்களை ஒட்டவைத்திருக்கும் நடு அடுக்கில் பெக்டின் மிகுதியாக உள்ளது. டி-கேலக்டுரோனிக் அமில மூலக்கூறுகள் ஆல்பா-1,4 பிணைப்புகளால் நீண்ட சங்கிலியாக இணைந்ததே பெக்டினின் முதன்மைப் பகுதி. இச்சங்கிலியின் அமிலத் தொகுதிகளுள் பல மெத்தில் எஸ்டராக அமைந்துள்ளன. எஸ்டராகாத தொகுதிகள் கால்சியம் அயனிகளின் வழியே அண்டைச் சங்கிலிகளோடு பிணைந்து திசுவுக்கு உறுதி தருகின்றன.

பூஞ்சை இக்கட்டமைப்பைப் பல நொதிகளைக் கொண்டு கலைக்கிறது. பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ், மெத்தில் தொகுதிகளை நீக்குகிறது. பாலிகேலக்டுரோனேஸ், நீரைச் சேர்த்துப் பிணைப்புகளை அறுக்கிறது. இது அமிலச் சூழலில் நன்கு செயல்படும். பெக்டேட் லையேஸ், நீரைச் சேர்க்காமலேயே பிணைப்பைப் பிளந்து இரட்டைப் பிணைப்புள்ள துண்டுகளைத் தருகிறது. இதற்குக் கால்சியம் தேவை. காரச் சூழலே இதற்கு உகந்தது. சங்கிலியின் நடுவே அறுக்கும் நொதிகள் மிகச் சில பிணைப்புகளை அறுத்த அளவிலேயே திசு குழைந்துவிடுகிறது. செல்லுலேஸ், சைலனேஸ் ஆகியன பின்னர்த் துணை செய்கின்றன.

அழுகலுக்கு நொதிகளே காரணம் என்னும் கருத்து நீண்ட வரலாறு உடையது. 1886 இல் டி பாரி, ஸ்கிளெரோட்டினியா பூஞ்சை தாக்கிய கேரட்டின் சாறு நலமான திசுவைக் குழையச் செய்வதையும், கொதிக்கவைத்தால் அச்சாறு அவ்வாற்றலை இழப்பதையும் கண்டார். 1915 இல் வில்லியம் பிரௌன், முளைக்கும் பொட்ரைட்டிஸ் வித்துகளிலிருந்து பெற்ற சாறு திசுவைக் குழைத்துச் செல்களையும் கொல்வதை விரிவாக நிறுவினார்.

3. ஒடுக்கம் என்னும் கருத்து உருவான வரலாறு

1940களின் தொடக்கத்தில் ஜாக் மோனோ, குளுக்கோஸும் வேறொரு சர்க்கரையும் கலந்த தளத்தில் வளரும் பாக்டீரியங்கள் முதலில் குளுக்கோஸைத் தீர்த்துவிட்டு, சிறிது இடைவெளிக்குப் பின்னரே மற்றதைப் பயன்படுத்துவதைக் காட்டினார். எளிதில் கிடைக்கும் கார்பன் மூலம் இருக்கும்போது, கடினமான மூலத்துக்கு உரிய நொதிகள் ஆக்கப்படுவதில்லை என்பதே இதன் பொருள். 1961 இல் மகசானிக் இதற்குச் சிதைபொருள் ஒடுக்கம் என்னும் பொருள்படும் பெயரை வழங்கினார்.

தாவர நோயியலில் இக்கருத்து விரைவில் பரவியது. முன்னரே 1957 இல் ஹார்ஸ்ஃபாலும் டைமண்டும், திசுவில் சர்க்கரை குறைந்தால் பெருகும் நோய்கள், சர்க்கரை கூடினால் பெருகும் நோய்கள் என இருவகைப் பாகுபாட்டை முன்வைத்திருந்தனர். 1966 இல் ஹார்ட்டனும் கீனும், வெங்காயத்தின் இளஞ்சிவப்பு வேர் நோயில் சர்க்கரையானது பூஞ்சையின் பாலிகேலக்டுரோனேஸ், செல்லுலேஸ் ஆகியவற்றின் ஆக்கத்தை ஒடுக்குவதே எதிர்ப்புக்கு வழியாகிறது என வாதிட்டனர். 1968 இல் பாட்டிலும் டைமண்டும், தக்காளி வாடல் நோயில் இத்தகைய ஒடுக்கத்தையும் அதனால் அறிகுறிகள் குறைவதையும் பதிவு செய்தனர். பழத்தின் சர்க்கரை ஒரு காப்பு என்னும் எண்ணம் இம்மரபிலிருந்து வளர்ந்தது எனலாம். ஆனால் இவை வேர், சாற்றுக்குழாய் ஆகியவற்றின் நோய்கள். கனிந்த பழத்தின் சூழல் வேறு.

1970களில் கூப்பரும் உட்டும் செய்த ஆய்வு இதில் முக்கியமான திருத்தத்தைக் கொண்டுவந்தது. சர்க்கரையை மொத்தமாகத் தளத்தில் கலக்காமல், பூஞ்சையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு மெல்ல மெல்லக் கசியவிட்டு அவர்கள் ஆராய்ந்தனர். இம்முறையில் கேலக்டுரோனிக் அமிலம் நொதிகளை வலுவாகத் தூண்டியது. அதே பொருள் மிகுதியாகக் கிடைத்தபோது அதுவே ஒடுக்கியாகவும் ஆயிற்று. எனவே ஒடுக்குவது சர்க்கரையின் பெயர் அன்று. அது பூஞ்சைக்கு வந்துசேரும் வேகமே.

4. மூலக்கூறு வழிமுறை

இழைப்பூஞ்சைகளில் இவ்வொடுக்கத்தின் மையமாக உள்ளது கிரி-ஏ என்னும் புரதம். 1970களில் ஆர்ஸ்ட்டும் அவருடன் ஆய்வு செய்தோரும் ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூஞ்சையில் இதன் மரபணுவை இனங்கண்டனர். ஈஸ்ட்டில் உள்ள மிக்-1 புரதம் இதற்கு ஒப்பானது. துத்தநாக விரல் எனப்படும் அமைப்பைக் கொண்ட இப்புரதம், குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்து பாஸ்பேட் ஏற்றம் பெறும் நிலையில், மரபணுக்களின் முன்பகுதியில் உள்ள குறிப்பிட்ட தொடர்வரிசைகளில் ஒட்டிக்கொண்டு படியெடுத்தலைத் தடுக்கிறது.

இந்த ஒடுக்கம் பல நிலைகளில் நிகழக்கூடியது. நொதியின் மரபணு நேரடியாக ஒடுக்கப்படலாம். அம்மரபணுவைத் தூண்டும் புரதத்தின் மரபணுவும் ஒடுக்கப்படலாம். சைலனேஸ்களைத் தூண்டும் புரதத்தில் இவ்விரட்டைப் பூட்டு ஆஸ்பர்ஜில்லஸ் இனங்களில் அறியப்பட்டுள்ளது. தூண்டுபொருளைச் செல்லுக்குள் கொண்டுவரும் கடத்திப் புரதங்கள் குறைந்தாலும் விளைவு ஒன்றே.

இதற்கு எதிர்த்திசையில் இயங்குவது தூண்டல். பெக்டின் பெரிய மூலக்கூறாதலால் பூஞ்சைச் செல்லுக்குள் அது நுழைய இயலாது. அடிநிலை அளவில் எப்போதும் சுரக்கும் சிறிதளவு நொதி பெக்டினை அறுத்துக் கேலக்டுரோனிக் அமிலத்தை விடுவிக்கிறது. அது செல்லுக்குள் சென்று வளர்சிதை மாற்றமடையும்போது தோன்றும் 2-கீட்டோ-3-டியாக்சி-எல்-கேலக்டோனேட் என்னும் இடைப்பொருளே ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரில் உண்மையான தூண்டியாகச் செயல்பட்டு, ஜிஏஏஆர் என்னும் படியெடுத்தல் காரணியை விடுவிக்கிறது. பொட்ரைட்டிஸ் சினேரியாவிலும் இதற்கு ஒப்பான காரணி 2016 இல் கண்டறியப்பட்டது. ஆக, பூஞ்சை இரு செய்திகளை ஒரே நேரத்தில் எடைபோடுகிறது: அருகில் பெக்டின் உள்ளதா? அதைவிட எளிய உணவு உள்ளதா?

நொதி என்பது புரதம். அதை ஆக்குவதற்கு ஆற்றலும் நைட்ரஜனும் வேண்டும். செல்லுக்கு வெளியே சுரக்கப்பட்ட நொதியின் பயனை அண்டை நுண்ணுயிரிகளும் துய்க்கும். எளிய உணவு கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது இச்செலவைத் தவிர்ப்பது பூஞ்சைக்கு நன்மையாகும்.

5. சாம்பல் அழுகல் பூஞ்சை தரும் சான்று

பொட்ரைட்டிஸ் சினேரியாவில் நடு அறுப்புப் பாலிகேலக்டுரோனேஸை ஆக்கும் ஆறு மரபணுக்கள் உள்ளன. 2000 இல் வுபென் உள்ளிட்ட நெதர்லாந்து ஆய்வாளர்கள் இம்மரபணுக்களின் வெளிப்பாட்டை வெவ்வேறு கார்பன் மூலங்களிலும் பிஎச் நிலைகளிலும் ஒப்பிட்டனர். ஆறு மரபணுக்களும் ஒரே விதிக்கு அடங்கவில்லை என்பதே அவ்வாய்வின் சிறப்பான முடிவு.

முதல் மரபணு, கார்பன் மூலம் எதுவாயினும் அடிநிலையில் தொடர்ந்து வெளிப்படுகிறது. மூன்றாம் மரபணு, குறைந்த பிஎச் நிலையில் தூண்டப்படுகிறது. நான்காம், ஆறாம் மரபணுக்களைக் கேலக்டுரோனிக் அமிலம் தூண்டுகிறது. ஆனால் இவ்விரண்டனுள் நான்காம் மரபணுவில்தான் குளுக்கோஸின் ஒடுக்கம் காணப்பட்டது. ஒரே தூண்டிக்கு அடங்கும் இரு மரபணுக்களுள் ஒன்று சர்க்கரைக்குப் பணிகிறது, மற்றது பணியவில்லை.

இதன் விளைவை எண்ணிப்பார்க்க வேண்டும். வளர்ப்பு வடிநீரில் மொத்தப் பாலிகேலக்டுரோனேஸ் செயல்திறனை மட்டும் அளந்தால், நான்காம் மரபணு ஒடுங்கியதால் ஏற்பட்ட வீழ்ச்சி பெரிதாகத் தெரியும். ஒடுங்காமல் எஞ்சிய சிறு செயல்திறன் பொருட்படுத்தத் தகாததாகத் தோன்றும். ஆனால் அழுகல் திசுவில் பரவுவதற்கு அச்சிறு அளவும் முக்கியமானது. 1998 இல் தென் ஹாவே முதலானோர் முதல் மரபணுவை நீக்கிய பூஞ்சையை உருவாக்கியபோது, தக்காளி இலையிலும் தக்காளிப் பழத்திலும் ஆப்பிளிலும் அழுகல் பரவுவது குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அதாவது, சர்க்கரையால் ஒடுக்கப்படாத மரபணுவே நோய் உண்டாக்கும் திறனில் முக்கியப் பங்கு வகிக்கிறது. சர்க்கரை மிகுந்த திராட்சைக்குள் இப்பூஞ்சை நுழைய முடிவதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி இங்கே உள்ளது.

மற்றொரு பகுதி இடம் சார்ந்தது. பழத்தில் உள்ள சர்க்கரையின் பெரும்பகுதி செல்களின் நுண்குமிழிகளுக்குள், சவ்வுகளுக்குப் பின்னால், சேமிக்கப்பட்டுள்ளது. தொடக்கத்தில் பூஞ்சையிழை வளர்வது செல்சுவர்ப் பகுதியில். அங்கே அது எதிர்கொள்ளும் சர்க்கரையின் செறிவு பழச்சாற்றின் செறிவுக்குச் சமமன்று. செல்கள் இறந்து சர்க்கரை வெளிவரும்போது திசு ஏற்கெனவே குழைந்துவிட்டிருக்கும். அந்நிலையில் புதிதாகப் பெருமளவு நொதி ஆக்குவதைப் பூஞ்சை நிறுத்தினாலும் பழத்துக்கு அதனால் பயன் இல்லை.

6. சர்க்கரையும் பிஎச் மதிப்பும்

சர்க்கரை நொதிகளின் அளவை மட்டுமன்றி அவை செயல்படும் சூழலையும் மாற்றுகிறது. கொலிட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டிஸ், மா, வெண்ணெய்ப் பழம் முதலியவற்றில் ஆந்த்ராக்னோஸ் நோயை உண்டாக்கும் பூஞ்சை. இஸ்ரேலில் புரூஸ்கி குழுவினர் இப்பூஞ்சையின் பெக்டேட் லையேஸைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்துள்ளனர். அந்நொதி அமிலச் சூழலில் சுரப்பதில்லை. பிஎச் மதிப்பு 6 ஐ நெருங்கும்போது சுரக்கத் தொடங்குகிறது. இம்மரபணுவை நீக்கினால் வெண்ணெய்ப் பழத்தில் நோயின் தீவிரம் குறைகிறது.

வெண்ணெய்ப் பழத்தில் சர்க்கரை 100 கிராமுக்கு 1 கிராமுக்கும் குறைவு. சர்க்கரை குறைந்த சூழலில் பூஞ்சை அமினோ அமிலங்களையே கார்பன் மூலமாகக் கொள்கிறது. எஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறுகிறது. சூழல் காரத்தன்மை பெறுகிறது. பெக்டேட் லையேஸ் செயலாற்றுகிறது. இதற்கு மாறாக, 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உள்ள ஆப்பிளில் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்னும் நீலப் பூஞ்சண அழுகல் பூஞ்சை, குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றித் திசுவை மேலும் அமிலமாக்குகிறது. அச்சூழலில் பாலிகேலக்டுரோனேஸ் செயலாற்றுகிறது. ஒரே பூஞ்சைகூடச் சர்க்கரை குறைந்த தளத்தில் அம்மோனியாவையும், மிகுந்த தளத்தில் குளுக்கோனிக் அமிலத்தையும் வெளியிடக்கூடும் என்பது பின்னர்க் காட்டப்பட்டது.

ஆகவே சர்க்கரை ஒரு கதவை மூடும்போதே மற்றொரு கதவைத் திறக்கிறது. சர்க்கரை மிகுதி பெக்டேட் லையேஸைக் குறைப்பது உண்மையே. எனினும், அதே சர்க்கரையிலிருந்து தோன்றும் அமிலம் வேறொரு நொதிக்கு உகந்த களத்தை அமைத்துக்கொடுக்கிறது.

7. ஒடுக்கியை இழந்த பூஞ்சை

சர்க்கரை ஒடுக்கம் பழத்தைக் காக்கிறது என்னும் கருத்தை நேரடியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒடுக்கும் புரதமே இல்லாத பூஞ்சையை உருவாக்கி அதைப் பழத்தில் இடவேண்டும். ஒடுக்கம் காப்பாயின், அக்காப்பு நீங்கியபின் அழுகல் விரைவாக வேண்டும்.

2018 இல் டன்னூஸ் முதலானோர் பெனிசிலியம் எக்ஸ்பான்சத்தில் கிரி-ஏ மரபணுவை நீக்கி ஆப்பிளில் சோதித்தனர். முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது: ஒடுக்கியை இழந்த பூஞ்சை, நோய் உண்டாக்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தது. கிரி-ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் பொதுக் காரணியாதலால், இவ்விழப்பை நொதிகளின் மாற்றத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதல் கூடாது. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. சர்க்கரை இருப்பதை உணர்ந்து தன் செயல்களை ஒழுங்குசெய்யும் திறன் பூஞ்சைக்குத் தடையன்று. பழத்தில் வாழ்வதற்கு அதுவே தேவை.

8. ஆய்வகத்தில் கருத வேண்டியவை

முன்னுரையில் சுட்டிய அட்டவணைக்கு இப்போது திரும்பலாம். சர்க்கரை சேர்த்த தளத்தில் நொதிச் செயல்திறன் குறைந்தால், அதற்கு ஒடுக்கமன்றி வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிய பின்னரே ஒடுக்கம் என்ற சொல்லைப் பயன்படுத்துவது தகும்.

முதலாவது, அளவீட்டின் இடர். பாலிகேலக்டுரோனேஸ், செல்லுலேஸ் ஆகியவற்றை அளக்கப் பெரிதும் பயன்படும் டைநைட்ரோசாலிசிலிக் அமில முறை, 1959 இல் மில்லர் வெளியிட்ட வடிவில், ஒடுக்கும் சர்க்கரைகளின் தொகுதிகளைக் கணக்கிடுகிறது. வளர்ப்பு வடிநீரில் எஞ்சியிருக்கும் குளுக்கோஸும் பிரக்டோஸும் அவ்வினையில் நிறம் தரும். அப்பின்னணி மிகுந்தால், நொதி விடுவித்த சிறு அளவு அதனுள் மறைந்துவிடும். எனவே வடிநீரைச் சவ்வூடு பிரித்து உப்புக்கரைசலில் சமநிலைப்படுத்திய பின்னரே அளத்தல் வேண்டும். பெக்டேட் லையேஸை 235 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலால் அளப்பதும், நடு அறுப்பு நொதிகளைப் பாகுநிலைக் குறைவால் அளப்பதும் இவ்விடரைத் தவிர்க்கும்.

இரண்டாவது, பிஎச் மாற்றம். அம்மோனிய உப்பை நைட்ரஜன் மூலமாகக் கொண்ட தளத்தில் சர்க்கரையால் வளர்ச்சி பெருகினால், தளம் விரைவில் அமிலமாகும். நொதி குறைந்தது சர்க்கரையாலா, அமிலத்தாலா என்பதைத் தாங்கல் கரைசல் கொண்ட தளத்தில் மட்டுமே பிரித்தறிய முடியும். ஒவ்வொரு மாதிரியின் இறுதிப் பிஎச் மதிப்பையும் அட்டவணையில் தருவது இன்றியமையாதது.

மூன்றாவது, காலம். சர்க்கரை தீர்ந்ததும் ஒடுக்கம் நீங்கும். ஏழாம் நாளில் மட்டும் எடுத்த ஒரு மாதிரி, இரண்டாம் நாளின் ஒடுக்கத்தையும் ஐந்தாம் நாளின் மீட்சியையும் ஒருங்கே மறைத்துவிடும். எஞ்சிய சர்க்கரையையும் பூஞ்சையின் உலர் எடையையும் நாள்தோறும் அளந்து, நொதியை உலர் எடைக்குரிய விகிதமாகத் தருவதே முறை.

நான்காவது, சொல்லின் தெளிவு. நொதியின் ஆக்கத்தைக் குறைப்பது ஒடுக்கம்; ஆக்கப்பட்ட நொதியின் செயலைக் குறைப்பது தடுப்பு. தமிழ்க் கட்டுரைகளில் இவ்விரு சொற்களும் மாறிமாறி வழங்குவதால் வேறுபட்ட இரு நிகழ்வுகள் ஒன்றாகிவிடுகின்றன. வேறொரு தளத்தில் பெற்ற நொதிக் கரைசலில் அதே அளவு சர்க்கரையைச் சேர்த்து அளந்தால் தடுப்பு உண்டா என்பது தெரிந்துவிடும். அதன்பின், மரபணுப் படிகளின் அளவைத் தனித்தனி மரபணுக்களுக்குக் கண்டால், ஒடுங்குவது எது, ஒடுங்காதது எது என்பதும் புலப்படும்.

9. முடிவுரை

சர்க்கரைகள் பழ அழுகல் பூஞ்சைகளின் செல்சுவர் சிதைக்கும் நொதிகளுள் பலவற்றை ஒடுக்குகின்றன; அனைத்தையும் அல்ல. சாம்பல் அழுகல் பூஞ்சையில் சர்க்கரைக்குப் பணியாத ஒரு மரபணுவே தொற்றுக்குப் பெரிதும் துணைநிற்கிறது. சர்க்கரை பூஞ்சையை அடையும் வேகம், அது திசுவில் இருக்கும் இடம், அதிலிருந்து தோன்றும் அமிலம் ஆகியன சேர்ந்தே விளைவை முடிவு செய்கின்றன. ஒடுக்கி நீங்கிய பூஞ்சை வலுவிழப்பதால், இவ்வொடுக்கத்தைப் பழத்தின் காப்பு எனக் கொள்வதற்கு இடமில்லை.

இம்முடிவு அறுவடைக்குப் பிந்தைய பாதுகாப்புக்கும் பொருந்தும். பழத்தின் சர்க்கரையை உயர்த்தி அழுகலைத் தடுக்கலாம் என்று எதிர்பார்ப்பதைவிட, நொதி செயல்படும் சூழலை மாற்றுவது பயன்தரும். இஸ்ரேலில் மாம்பழத்தின் ஆல்டர்னேரியா கரும்புள்ளி அழுகலுக்கு எதிராக, பூஞ்சைக்கொல்லியுடன் நீர்த்த அமிலக் கரைசலைப் பயன்படுத்தும் முறை இவ்வழியில் உருவானது. காரச் சூழலை உண்டாக்கித் தாக்கும் அப்பூஞ்சைக்கு அமிலம் தடையாகிறது. அமிலத்தை உண்டாக்கித் தாக்கும் பெனிசிலியத்துக்கு அதே முறை பொருந்தாது. ஆதலால் நம் மா, வாழை, திராட்சை ஆகியவற்றின் அழுகல் பூஞ்சைகளில் ஒவ்வொன்றும் பழத்தின் பிஎச் மதிப்பை எத்திசையில் மாற்றுகிறது, அதன் எந்த நொதி சர்க்கரைக்குப் பணிவதில்லை என்னும் இரு வினாக்களுக்கும் தனித்தனியே விடை காண்பது ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும்.